ஹெர்பி ஹான்காக்கின் முவாந்திஷி குழு (1970–73): எங்கிருந்து கேட்பது, எப்படி வாசிப்பது

கீழ்ஸ்தாயி:

எலெக்ட்ரிக் ஜாஸ் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் மைல்ஸ் டேவிஸில் ஆரம்பித்து, வெதர் ரிப்போர்ட், மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்று போய், நேராக ஜாஸ் பியானோக்காரர் ஹெர்பி ஹான்காக் 1973 அக்டோபரில் வெளியிட்ட 'ஹெட் ஹன்டர்ஸ்' இசைத்தட்டில் வந்து நிற்கிறோம். அதற்கு முன்னால் மூன்று வருடம் ஹான்காக் நடத்திய குழுவை யாரும் எடுப்பதில்லை. என்னைக் கேட்டால் அவர் வாழ்நாளில் நடத்தியவற்றில் மிகத் துணிச்சலான குழு அதுதான்.

ஆட்கள்: ஹான்காக் ரோட்ஸ் என்ற மின்சாரப் பியானோவில், பஸ்டர் வில்லியம்ஸ் பேஸ், பில்லி ஹார்ட் டிரம்ஸ், எடி ஹென்டர்சன் ட்ரம்பெட், ஜூலியன் ப்ரீஸ்டர் ட்ரோம்போன், பென்னி மாப்பின் பேஸ் கிளாரினெட், சோப்ரானோ சாக்ஸ், ஃப்ளூட். பிறகு சிந்தசைஸரோடு பேட்ரிக் க்ளீசன் சேர்ந்தார். ஆளுக்கொரு சுவாஹிலி பெயர் வைத்துக்கொண்டார்கள். ஹான்காக்கின் பெயரான 'முவாந்திஷி'யே குழுவின் பெயராக நிலைத்தது.

இசைத்தட்டுகள் மூன்றுதான். 'முவாந்திஷி' 1970 டிசம்பர் 31 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பதிவாகி 1971இல் வந்தது. 'க்ராஸிங்ஸ்' 1972. இரண்டும் வார்னர் வெளியீடு. 'செக்ஸ்டன்ட்' 1973, கொலம்பியா. மூன்றுக்கும் தயாரிப்பாளர் டேவிட் ரூபின்சன்.

முதல் தடவை கேட்கிறவர்கள் தடுமாறுவது ஒரே காரணத்தால். ராகம், மெட்டு என்று மேலே தேடுகிறார்கள். இந்த இசையில் தரை கீழே இருக்கிறது. பேஸில் ஒரு சின்ன வரி திரும்பத் திரும்ப வரும். மேலே எல்லாம் கலைந்துகொண்டே இருக்கும். ஆகவே முதல் இசைத்தட்டின் முதல் உருப்படி 'ஒஸ்டினாட்டோ'வை எடுத்துக்கொள்ளுங்கள், சுமார் 13 நிமிடம். முதல் தடவை பேஸைத் தவிர வேறெதையும் கவனிக்காதீர்கள். அடுத்த தடவை பேஸும் டிரம்ஸும். மூன்றாவது தடவை ட்ரம்பெட் என்ன செய்கிறது என்று தானாகவே கேட்கும்.

அந்த உருப்படி கறுப்பின உரிமைப் போராளி ஏஞ்சலா டேவிஸுக்குக் காணிக்கை. பதிவு நடந்தபோது அவர் சிறையில் இருந்தார், 1972இல்தான் விடுதலையானார். அந்த அடக்கிய சூடு பேஸ் வரியிலேயே இருக்கிறது.

மிருதங்கி:

நல்ல இழை. 'ஒஸ்டினாட்டோ' கணக்கை நான் எழுதிடறேன், ஏன்னா பாதிப் பேர் அங்கதான் கழண்டுக்கறாங்க.

15/8. பேஸ் வரியோட ஒரு சுற்று 15 அட்சரம். நமக்கு ரொம்ப சுலபம்: தகதிமி தகதிமி தகதிமி தகிட. நாலு, நாலு, நாலு, மூணு. மேற்கத்திய நொட்டேஷன்ல இதையே ஒரு 4/4 பார், ஒரு 7/8 பார்னு பிரிச்சும் எழுதுவாங்க. 8 + 7, அதே 15தான்.

எங்க தப்பு நடக்குதுன்னா, காலை ரெண்டு அட்சரத்துக்கு ஒரு தட்டுன்னு போடுவோம் இல்லையா? 15 ஒற்றைப்படை. அதனால முதல் சுற்றோட 'ஒண்ணு' கால்ல விழும், ரெண்டாவது சுற்றோட 'ஒண்ணு' ரெண்டு தட்டுக்கு நடுவுல விழும். மூணாவது சுற்று மறுபடி கால்ல. ரெண்டு சுற்றுக்கு 30 அட்சரம், 15 கால் தட்டு. இது புரியாதவங்களுக்கு ஒவ்வொரு ரெண்டாவது சுற்றும் தாளம் தப்பின மாதிரி கேட்கும். ஒண்ணும் தப்பல.

கால் தட்டறதை விட்டுட்டு கையால போடுங்க: தகதிமி ஒவ்வொண்ணுக்கும் ஒரு தட்டு, தகிடவுக்கு ஒரு வீச்சு (கையைத் திருப்பிப் போடறது). மூணு தட்டு, ஒரு வீச்சு. வீச்சு மட்டும் ஒரு அட்சரம் சீக்கிரம் முடியும். பத்து சுற்று போட்டா உடம்புல ஏறிடும்.

இதுல டிரம்ஸ் ரெண்டு பேர். ஹார்ட்டோட லியான் சான்ஸ்லரும் வாசிக்கிறார். காங்கா, டிம்பாலேஸ் ஹோஸே அரியாஸ். இவ்வளவு தாளக்காரங்க இருந்தும் யாரும் 'ஒண்ணை' அடிச்சுக் காட்டறதில்ல. அந்தப் பொறுப்பைப் பேஸ்கிட்ட விட்டுட்டாங்க.

புதுக்காது:

'செக்ஸ்டன்ட்'ல இருக்கும் 'ஹிட்டன் ஷேடோஸ்' ஒரு சுற்றுக்கு 19 அட்சரம் என்று எங்கோ படித்தேன். அதற்கும் இதே வழியா? எண்ண ஆரம்பித்தால் பாட்டு காதில் விழுவதே இல்லை.

மிருதங்கி:

19தான். கணக்கைத் தொலைக்காம இருக்கணும்னா நாலு தகதிமி, ஒரு தகிட: 16 + 3. ஆனா இதுல முதல்ல எண்ணாதீங்க. பேஸ் வரி எங்க திரும்பி ஆரம்பிக்குதுன்னு மட்டும் காதால பிடிங்க, அந்த இடத்துல ஒரே ஒரு தட்டு. அது உறுதியான பிறகு நடுவுல எண்ணி நிரப்புங்க. தலைகீழா செஞ்சா, 16ஐ முடிச்சதும் கை தானா 'ஒண்ணு'க்குப் போயிடும். மிச்ச மூணு அந்தரத்துல தொங்கும்.

கம்ப்யூட்டர்ல பழகறவங்க கிளிக்கை (தாளம் காட்டற 'டிக்' சத்தம்) 19ல ஒண்ணுக்கு மட்டும் வைங்க. எல்லா அடிக்கும் கிளிக் வச்சா கிளிக்கைத்தான் கத்துப்பீங்க, வரியைக் கத்துக்க மாட்டீங்க.

வினைல்பெட்டி:

கீழ்ஸ்தாயி, உங்கள் வரிசையில் எனக்கு உடன்பாடில்லை. இந்தக் குழுவின் சிகரம் 'க்ராஸிங்ஸ்'. முதல் பக்கம் முழுக்க ஒரே உருப்படி, 'ஸ்லீப்பிங் ஜயன்ட்', ஐந்து பகுதி, கிட்டத்தட்ட 25 நிமிடம். தாள வாத்தியங்களோடு ஆரம்பித்து, தனி ரோட்ஸ், கனமான ஃபங்க், நடுநடுவே மூன்று ஊதுகருவிகளும் மெதுவாக ஒன்றாக எழும் இடம். அதைக் கேட்டபின் 'ஒஸ்டினாட்டோ' ஒரு முன்னுரையாகத்தான் தெரிகிறது.

இசைத்தட்டு வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஒரு பக்கத்தில் 25 நிமிடம் அடைக்க வேண்டுமென்றால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். அதனால் ஒலி அளவையும் பேஸையும் குறைத்தே வெட்டுவார்கள். உள்பக்கம் போகப் போக ஊசி கடக்கும் நீளமும் குறையும், மேல் ஸ்தாயி கரகரக்கும். பழைய பிரதி என்றால் முதல் பக்கத்தின் கடைசி ஐந்து நிமிடத்தைப் போட்டுக் கேட்காமல் காசு கொடுக்காதீர்கள். சோப்ரானோ சாக்ஸ் உயரப் போகும்போது 'ஸ்ஸ்' என்று சிதறினால் அது தேய்ந்த தட்டு. ஊசியை மாற்றினாலும் சரியாகாது. கூம்பு முனை ஊசியைவிட நீள்வட்ட முனை இங்கே நிச்சயம் மேல். இந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் டிஜிட்டல் பிரதியே நல்லது என்பேன். 'செக்ஸ்டன்ட்' அப்படி இல்லை, இரண்டு பக்கமும் 20 நிமிடத்துக்குள் அடங்குகிறது.

போனில் கேட்பவர்களுக்கு: ஒரே ஸ்பீக்கர் உள்ள புளூடூத் டப்பா வேண்டாம். இடமும் வலமும் எதிரொலி நகர்வது இந்தப் பதிவுகளில் அலங்காரமல்ல, ரூபின்சனின் மிக்ஸிங் பாதி இசை. ஆப்பில் ஒலியளவைச் சமன் செய்யும் வசதியை நிறுத்திவையுங்கள். ப்ரீஸ்டர் எழுதிய 'வாண்டரிங் ஸ்பிரிட் சாங்' கிசுகிசுப்பில் தொடங்கி 20 நிமிடம் ஏறி இறங்கும். அதைச் சமமாக்கினால் ஒன்றும் மிஞ்சாது.

கீழ்ஸ்தாயி:

'க்ராஸிங்ஸ்' பெரியது என்பதை மறுக்கவில்லை. ஆனால் வாசல் வேறு, கருவறை வேறு. முதல் நாளே ஒருவரை 25 நிமிட உருப்படிக்குள் தள்ளினால் திரும்பி வரமாட்டார்.

சின்ன ஸ்பீக்கரில் இன்னொன்றும் போய்விடும். 'ஒஸ்டினாட்டோ'வின் பேஸ் வரியை வில்லியம்ஸோடு சேர்த்து மாப்பின் பேஸ் கிளாரினெட்டிலும் வாசிக்கிறார். சாதாரண பேஸ் கிளாரினெட்டின் அடிச்சுரம் ஏறக்குறைய 69 ஹெர்ட்ஸ். பேஸ் கிடாரின் அடிச்சுரம் 41. போன் ஸ்பீக்கரில் இரண்டின் அடிநாதமும் வராது, கிளாரினெட்டின் மேல் ஸ்வரங்கள் மட்டும் வரும். மரத்தின் குரல் கேட்கும், கம்பி கேட்காது. நல்ல ஹெட்போனில் இரண்டும் ஒட்டி ஒரே கருவியாகிவிடுவதைக் கேளுங்கள். எந்தச் சிந்தசைஸரும் இல்லாமல் கிடைத்த மின்சார ஒலி அது.

ரோட்ஸ்73:

ஹான்காக்கின் கீபோர்டு ஒலி எப்படி வருகிறது என்று எனக்குத் தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு இங்கேயே பதில்.

அடிப்படை ஃபெண்டர் ரோட்ஸ். சுத்தியல் ஒரு மெல்லிய உலோகக் கம்பியை அடிக்கும், எதிரே பிக்கப் (அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் பகுதி) அதைப் பிடிக்கும். கம்பி பிக்கப்பின் நேர் நடுவைப் பார்த்து நின்றால் அடிநாதம் மெலிந்து, ஒரு ஸ்தாயி மேலே உள்ள ஒலி முன்னால் வரும். கம்பியைக் கொஞ்சம் நடுவிலிருந்து விலக்கினால் அடிநாதம் திரும்பும், மணி போல உருண்டையாகும். பிக்கப்புக்கும் கம்பிக்கும் இடைவெளி சுமார் 1.5 மில்லிமீட்டர். இன்னும் நெருக்கினால் சத்தமும் உறுமலும் கூடும், ஆனால் கீழ் ஸ்தாயியில் பலமாக அடித்தால் கம்பி பிக்கப்பில் மோதி 'டக்' என்னும். பேஸ் பக்கம் இடைவெளி அதிகமாகவே இருக்கட்டும்.

இணைப்பு வரிசை இப்படி வைத்தால் அந்த ஒலிக்கு அருகே போகலாம்: ரோட்ஸ், ஃபஸ் (ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல்), வா-வா (காலால் ஒலியின் நிறத்தை மாற்றும் பெடல்), டேப் எக்கோ (எதிரொலிக் கருவி), ஆம்ப். எக்கோவை ஃபஸ்ஸுக்கு முன்னால் வைக்காதீர்கள். அப்படி வைத்தால் அசல் ஒலியும் எதிரொலியும் சேர்ந்து ஃபஸ்ஸுக்குள் போய் ஒரே கூழாகும். பின்னால் இருந்தால் ஒவ்வொரு எதிரொலியும் தனித்து நிற்கும். ரோட்ஸ் கட்டையை அழுத்திய முதல் நொடியில் சிக்னல் எகிறும், பெடல்கள் தாங்காது. ஆகவே ரோட்ஸ் ஸ்டேஜ் மாடலின் வால்யூமைப் பாதி அளவுக்கும் கீழே வைத்து, ஆம்பில் ஏற்றுங்கள்.

எக்கோப்ளெக்ஸ் என்ற டேப் எக்கோ கருவிக்குள் இருப்பது ஒரு டேப் வளையம். பதிவு செய்யும் தலைக்கும் அதைத் திரும்ப ஒலிக்கவைக்கும் தலைக்கும் உள்ள தூரத்தை ஒரு கம்பியால் நகர்த்தலாம், தூரம்தான் தாமதம். வாசிக்கும்போதே நகர்த்தினால் சுருதி வழுக்கும். திருப்பும் குமிழை ஒரு எல்லைக்கு மேல் ஏற்றினால் எதிரொலி தன்னைத்தானே ஊட்டிக்கொண்டு ஊளையிட ஆரம்பிக்கும். ஹான்காக் இதையெல்லாம் கோளாறாக நினைக்காமல் இசையாக்கினார். அவர் கல்லூரியில் எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங்கில் தொடங்கியவர்.

டிஜிட்டலில் செய்பவர்கள் தாமதம் 350 மில்லி செகண்ட், திருப்பல் 40 சதவீதம், கலவை 30 சதவீதம், 3 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டு என்று ஆரம்பித்துக் காதுக்கு ஏற்ப மாற்றுங்கள். டெம்போவோடு இணைக்கும் பொத்தானை அணைத்துவிடுங்கள். எதிரொலி அட்சரத்தோடு ஒட்டினால், 'ஒஸ்டினாட்டோ'வின் கடைசி மூன்று அட்சரத்தின் வெட்டு மறைந்துபோகும். அந்த வெட்டில்தான் உயிர் இருக்கிறது.

பேட்ச்கார்டு:

'செக்ஸ்டன்ட்'டின் முதல் உருப்படி 'ரெய்ன் டான்ஸ்'. அதன் சொட்டுச் சொட்டான ஒலிகள் க்ளீசனின் ஆர்ப் 2600 சிந்தசைஸரில் பிறந்தவை. அதே பட்டறையைச் சேர்ந்த ஒலி வேண்டுமானால் இதோ ஒரு வழி. அந்தக் கருவியின் கோர்க் மறுவெளியீடு, பெரிங்கர் நகல், ஆர்ட்டூரியா மென்பொருள் மூன்றிலும் அமைப்பு அதேதான்.

நாய்ஸ் ஸ்லைடரை ஏற்றுங்கள்; அது உள்ளுக்குள்ளேயே சாம்பிள் அண்ட் ஹோல்டுக்கு (சிக்னலை அவ்வப்போது அளந்து அந்த அளவைப் பிடித்துவைக்கும் பகுதி) போகிறது, கம்பி தேவையில்லை. அதன் வேகத்தை நொடிக்கு 6 அல்லது 7 என்று வையுங்கள். முதல் ஆஸிலேட்டரில் (ஒலியை உண்டாக்கும் பகுதி) சாம்பிள் அண்ட் ஹோல்ட் ஸ்லைடரைக் கால்வாசி மட்டும் திறங்கள். எல்லோரும் தவறுவது இங்கேதான். முழுக்கத் திறந்தால் சுருதி காது எட்டாத இடத்துக்கெல்லாம் ஓடும், மழைக்குப் பதில் கீச்சல் வரும். என்வலப்பின் (ஒலி எப்படி எழுந்து அடங்கும் என்பதைத் தீர்மானிக்கும் பகுதி) கேட் சுவிட்சைக் கீபோர்டிலிருந்து சாம்பிள் அண்ட் ஹோல்டுக்கு மாற்றுங்கள். அட்டாக் பூஜ்யம், டிகே மிகக் குறைவு, சஸ்டெயின் பூஜ்யம். ஃபில்டரைத் தாழ்த்தி, ரெசொனன்ஸை ஊளைக்குச் சற்று முன்னால் நிறுத்தி, அதே என்வலப்பை ஃபில்டருக்கும் கொடுங்கள். கடைசியில் ஸ்ப்ரிங் ரிவெர்ப் கொஞ்சம்.

இப்போது வருவது ஒழுங்கே இல்லாத சொட்டு. திரும்ப வரும் உருவம் வேண்டுமென்றால் நாய்ஸை எடுத்துவிட்டு, மெதுவாக ஓடும் ஒரு ஆஸிலேட்டரின் ரம்பப்பல் அலையைச் சாம்பிள் அண்ட் ஹோல்டின் உள்ளே கம்பியால் கொடுங்கள். படிக்கட்டு போல ஏறி விழும். ஆஸிலேட்டர் வேகத்தை ஒரு மயிரிழை நகர்த்தினால் படிகளின் எண்ணிக்கையே மாறும்.

வினைல்பெட்டி:

சிந்தசைஸர் வந்த பிறகு குழுவின் மூச்சு தடைபட்டது என்று எனக்குத் தோன்றும். 'செக்ஸ்டன்ட்'டில் சில இடங்களில் ஊதுகருவிகள் இயந்திரத்துக்கு வழிவிட்டு நிற்கின்றன.

பேட்ச்கார்டு:

இரண்டு இசைத்தட்டையும் ஒன்றாகப் பேசக்கூடாது, சார். 'க்ராஸிங்ஸ்'ஸில் குழு வாசித்து முடித்த டேப்பின் மேல் க்ளீசன் சான் பிரான்சிஸ்கோவில் தன் டிஃபரன்ட் ஃபர் ஸ்டுடியோவில் மூக் சிந்தசைஸரால் ஒலி சேர்த்தார். அவர் ஜாஸ்காரர் அல்ல, ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். ஒலியைத் தயார் செய்து கொடுப்பார், தான் வாசித்துக்கொள்ளலாம் என்றுதான் ஹான்காக் போனார். கேட்டதும் நீங்களே வாசியுங்கள் என்று விட்டுவிட்டார். அதனால் அந்தத் தட்டில் சிந்தசைஸர் ஏற்கெனவே கட்டிய வீட்டைச் சுற்றிவருகிறது. மாப்பின் எழுதிய 'குவேசார்' நல்ல உதாரணம்.

'செக்ஸ்டன்ட்'டுக்குள் அவர் குழுவோடு ஊர் ஊராகப் போய் மேடையில் வாசித்துப் பழகிய ஆள். 'ரெய்ன் டான்ஸ்'ஸில் இயந்திரம் ஒரு கட்சி, மனிதர்கள் இன்னொரு கட்சி. வில்லியம்ஸின் பேஸ் இரண்டுக்கும் நடுவே பேசுகிறது. வழிவிட்டு நிற்பது உண்மைதான். இந்தக் குழுவில் ஆரம்பத்திலிருந்தே எல்லோரும் எல்லோருக்கும் வழிவிட்டிருக்கிறார்கள்.

வினைல்பெட்டி:

ஒப்புக்கொள்கிறேன், 'ரெய்ன் டான்ஸ்' வரைக்கும். 'ஹார்னெட்ஸ்' 19 நிமிடத்தில் எனக்கு இன்னும் வழக்கு பாக்கி.

கல்லூரிபேண்ட்:

ஐந்து பேர் இருக்கிறோம்: கீபோர்டு, பேஸ், டிரம்ஸ், ட்ரம்பெட், டெனர் சாக்ஸ். 'ஒஸ்டினாட்டோ'வை மேடையேற்ற முடியுமா? பேஸ் கிளாரினெட் கிடையாது.

கீழ்ஸ்தாயி:

முடியும். பேஸ் கிளாரினெட்டின் வேலையை டெனர் சாக்ஸின் அடி ஸ்தாயி செய்யட்டும், பேஸுக்கு ஒரு ஸ்தாயி மேலே. பேஸ்காரரும் டெனர்காரரும் மட்டும் தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு சுரமும் எவ்வளவு நீளம், எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யவேண்டும். ஒருவர் இழுத்து, இன்னொருவர் வெட்டினால் வரி குழைந்துவிடும். இந்த இருவரும் டிரம்ஸ் இல்லாமல் ஐந்து நிமிடம் விடாமல் நிற்க முடிந்த பிறகுதான் மற்றவர்களைச் சேர்க்க வேண்டும். டெனர்காரர் தனி வாசிக்கும்போது கீபோர்டுக்காரர் அந்த வரியை இடது கையில் எடுத்துக்கொள்ளலாம்.

கீபோர்டுக்காரருக்கு: இடைவிடாமல் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து அடிப்பது) போடாதீர்கள். மூன்று நான்கு சுற்று சும்மா இருங்கள், பிறகு ஒரு கார்டு, எதிரொலியில் அது கரையும் வரை அடுத்ததைத் தொடாதீர்கள்.

மிருதங்கி:

டிரம்ஸ்காரருக்கு ரெண்டு வார்த்தை. ஒரு ஃபில் (இடைவெளியை நிரப்பற சின்ன உருட்டல்) போட்டதும் கை தானா 16வது அட்சரத்துக்கு ஓடும். பேஸ் 15ல திரும்பிடும், நீங்க ஒண்ணு பின்னாடி மாட்டிப்பீங்க. அதனால முதல் வாரம் ஃபில்லே கிடையாது. அப்புறம் போடும்போது சுற்றோட கடைசில போடாதீங்க, நடு தகதிமில ஆரம்பிச்சு தகிடவுக்கு முன்னாடி முடிச்சிடுங்க. தகிட காலியா இருக்கட்டும். ஹார்ட் எங்கெங்க சும்மா இருக்கார்னு கேளுங்க, அதுவே பாடம்.

தொலைஞ்சுட்டா அடிச்சுத் தேடாதீங்க. ரைடு சிம்பலை மட்டும் மெல்ல ஓட்டிக்கிட்டு, பேஸ் திரும்பற இடத்தைக் கேட்டு, அங்க நுழையுங்க.

புதுக்காது:

மூன்று தட்டும் முடிந்தால் அடுத்து என்ன? குழு ஏன் கலைந்தது?

கீழ்ஸ்தாயி:

காசு. எட்டு ஒன்பது பேரையும் கருவிகளையும் ஊர் ஊராகக் கொண்டுபோவது பெரிய செலவு, தட்டுகள் விற்கவில்லை. ஹான்காக் தன் பழைய பாடல்களின் ராயல்டியைப் போட்டுத்தான் ஓட்டினார். 1973இல் நிறுத்தினார், அவரோடு 'ஹெட் ஹன்டர்ஸ்'ஸுக்குப் போனவர் மாப்பின் ஒருவர்தான்.

ஆனால் இசை அங்கேயே நிற்கவில்லை. ஹென்டர்சனின் 'ரியலைசேஷன்' (1973) ஏறக்குறைய இதே குழுதான், ப்ரீஸ்டர் மட்டும் இல்லை, டிரம்ஸில் ஹார்ட்டோடு லென்னி வைட். அதை நான்காவது முவாந்திஷி தட்டாகவே வைத்துக் கேட்கலாம். அவரது 'இன்சைட் அவுட்' அடுத்தது. 1974இல் ஈசிஎம் நிறுவனம் வெளியிட்ட இரண்டு தட்டுகள் இரண்டு எதிர்த்திசை: ப்ரீஸ்டரின் 'லவ், லவ்' க்ளீசனின் சிந்தசைஸரோடு அடர்த்தியாக நகர்வது, மாப்பினின் 'தி ஜுவல் இன் தி லோட்டஸ்' கிட்டத்தட்ட மௌனத்தின் பக்கம் போவது, அதில் ஹான்காக், வில்லியம்ஸ், ஹார்ட் மூவரும் உண்டு.

முதலில் 'ரியலைசேஷன்' எடுங்கள். மிருதங்கி, அதில் இரண்டு டிரம்மர்களும் வேலையை எப்படிப் பிரித்துக்கொள்கிறார்கள் என்று நீங்கள் கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

மிருதங்கி:

எழுதறேன். தனி இழையாவே போடறேன், இதுல கணக்கு நிறைய இருக்கு.